கொடுத்ததும் கொடுக்காததும்

பிரணவன் ஞானலிங்கத்தின் மூன்று நாவல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

புலம்பெயர்ந்தோர் எழுத்தை ஓர் இழப்புப் பட்டியலாக வாசிப்பதற்கு நாம் நன்றாகப் பழகிவிட்டோம். வீடு போயிற்று. கிணற்றடி போயிற்று. வேலியோரக் கிளுவையும் பனங்கூடலும் போயின. பிள்ளைகளின் நாவிலிருந்து மொழியும் போய்க்கொண்டிருக்கிறது. 1994இல் எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த சிறுகதைத் தொகுதிக்கு 'பனியும் பனையும்' என்று பெயர் வைத்தார்கள். விட்டுவந்த நிலம் ஒரு தட்டிலும் வந்துசேர்ந்த நிலம் மறு தட்டிலுமாக அந்தத் தலைப்பிலேயே ஒரு தராசு இருக்கிறது. அன்றைய நிலையில் அது பொருத்தமான தலைப்பு. ஆனால் முப்பது வருடங்கள் கழிந்த பின்னரும் நம்மிற் பெரும்பாலோர் அதே தராசைத்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இந்தத் தராசில் ஒரு கோளாறு உண்டு. 'இழந்தோம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வேறுபட்ட மூன்று காரியங்கள் சேர்ந்து கிடக்கின்றன. ஒன்று, நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது. இரண்டு, ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதற்காக நாமே எடுத்துக் கொடுத்தது. மூன்று, நம்முடையதல்லாத ஒன்றை, இன்னொருவருக்கு உரியதை, நமது நுழைவுக் கட்டணமாகக் கட்டியது. முதலாவதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். இரண்டாவதைப் பற்றி ஏக்கத்துடன் எழுதியிருக்கிறோம். மூன்றாவதைப் பற்றி எழுதுவதற்கு நமக்குக் கை வருவதில்லை.

கை வராததற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. ஈழத்தமிழருக்குத் தியாகம் என்ற சொல்லை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் சுவர்கள்தோறும் அந்தச் சொல் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே துரோகம் என்ற சொல்லும் இருந்தது. கொடுத்தவன் நம்மவன், கொடுக்க மறுத்தவன் நம்மவனல்லன் என்பதே அந்தக் கணக்கு. அதன் மிகக் கொடிய விளைவை 1990 ஒக்டோபரில் கண்டோம். வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தமிழ்த் தேசத்துக்குள் தமக்குரிய இடத்தை உறுதிசெய்துகொள்ள, அடுத்த தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் இடத்தைக் கொடுத்தவர்களும் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். இது யாருடைய தியாகம்? இந்தக் கேள்வியை ஊரில் கேட்கப் பழகாத நாம், புகுந்த நாட்டிலும் கேட்காமலே இருந்துவிட்டோம்.

நியூசிலாந்தில் ஆங்கிலத்தில் எழுதும் பிரணவன் ஞானலிங்கத்தின் நாவல்கள் இந்தக் கேள்வியை நேராகக் கேட்கின்றன. இலங்கையில் பிறந்து, சிறுவயதில் சிம்பாப்வேயிலும் பின்னர் வெலிங்டனை அடுத்த லோவர் ஹட்டிலும் வளர்ந்தவர் இவர். தொழிலால் வழக்கறிஞர். இவருடைய நூல்களை வெளியிடுவது லோரன்ஸ் அன்ட் கிப்சன் என்னும் சிறு எழுத்தாளர் கூட்டு. தாமே அச்சிட்டு, தாமே ஒட்டி, தாமே விற்கும் கூட்டு. நமது சிற்றேட்டுக்காரர்களுக்கு இந்த உழைப்பு அந்நியமானதல்ல. அக்கூட்டைச் சேர்ந்த மேர்டொக் ஸ்டீவன்ஸ் என்பவர்தான் நியூசிலாந்தின் வருடாந்த அகதி ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கக் கோரும் இயக்கத்தை 2013இல் தொடங்கியவர். 750 ஆக இருந்த அந்த எண்ணிக்கை படிப்படியாக ஏறி 2020இல் 1,500 ஆயிற்று. இந்நாவல்கள் எந்தச் சூழலிலிருந்து வருகின்றன என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

2

2017இல் வெளிவந்த 'சொடன் டவுன்ஸ்ட்ரீம்' மிக எளிமையான கதை. வெலிங்டனைப் பெரும் புயல் தாக்குகிறது. நகரத்து அலுவலகங்களில் வேலை செய்பவர்களை நேரத்துடன் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லோரும் நகரத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கையில் ஹட் பள்ளத்தாக்கில் வசிக்கும் சீதா என்ற தமிழ் அகதிப் பெண்ணுக்கு மேலாளரிடமிருந்து தொலைபேசி வருகிறது. நகரத்துக்கு வந்து துப்புரவு வேலையை முடிக்காவிட்டால் வேலை இல்லை. போக்குவரத்து நின்றுபோன நெடுஞ்சாலையில் சீதா கிளம்புகிறாள். அவள் போய்ச்சேர்வதுதான் நாவல்.

எல்லோரும் ஓடிவரும் திசைக்கு எதிர்த்திசையில் ஒருத்தி போகிறாள். இதில் ஆசிரியர் வலிந்து புகுத்திய குறியீடு எதுவும் இல்லை. துப்புரவுத் தொழிலாளியின் அன்றாடமே அதுதான். மற்றவர்கள் வெளியேறிய பின்புதான் அவளுடைய நேரம் தொடங்குகிறது. வேலைநேரத்துக்கு எந்த உத்தரவாதமும் தராமல் தொழிலாளியை மட்டும் கட்டிப்போடும் ஒப்பந்தங்களை நியூசிலாந்துச் சட்டம் 2016 ஏப்ரலில் தடைசெய்தது. ஆனால் துப்புரவு வேலை ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும்வரை, தொலைபேசியில் வரும் ஒரு குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியாத நிலை சட்டத்தால் மட்டும் மாறிவிடுவதில்லை. முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்த கால்கள் இங்கே இன்னொரு சாலையில் நடக்கின்றன. போரின் நினைவுகளை ஆசிரியர் இடையிடையே கொண்டுவருகிறார். ஆனால் அவற்றைக் காட்டி வாசகரின் இரக்கத்தைக் கேட்பதில்லை. சீதா இரக்கத்துக்கு நேரமில்லாதவள். வேலைக்கு நேரத்துக்குப் போகவேண்டியவள்.

இந்த நாவலில் சீதா கொடுப்பது எது? உடம்பு, நித்திரை, பிள்ளையோடு இருக்கவேண்டிய மாலை. இவற்றை அவள் விரும்பிக் கொடுக்கிறாள் என்று சொல்லமுடியாது. பறிக்கப்படுகின்றன. ஆனால் பறிப்பவர்கள் அதற்கு 'கடின உழைப்பு' என்று பெயர் வைக்கிறார்கள். நல்ல குடிவரவாளர் என்ற நற்சான்றிதழ் இதற்குத்தான் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவின் பிலோயலா என்ற சிற்றூரில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் அதிகாலையில் வந்து அதிகாரிகள் பிடித்துச் சென்றபோது, அந்த ஊர் நான்கு வருடங்கள் விடாமல் போராடி 2022இல் அவர்களை மீட்டெடுத்தது. மகத்தான காரியம். அதை எவரும் குறைத்துப் பேசவேண்டியதில்லை. ஆயினும் அந்தக் குடும்பத்துக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாதங்களுள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் உழைப்பாளிகள், ஊரின் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், நல்ல அயலவர்கள். அப்படியானால் உழைக்க முடியாதவர், நோயாளி, அயலவரோடு சிரித்துப் பேச மனம் வராத அளவுக்குப் போரால் சிதைந்தவர், அவர்களுக்கு எந்த ஊர் போராடும்? அதே காலத்தில் படகில் வந்த ஆயிரக்கணக்கானோர் நிரந்தர விசா இல்லாமல் காத்துக்கிடந்தார்கள்.

நாவலின் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். வழியில் சீதா சந்திக்கும் மனிதர்கள் பெரும்பாலும் சமூகத்தின் ஓரங்களில் நிற்பவர்கள். அவர்களே அவளுக்குக் கைகொடுக்கிறார்கள். ஓரத்தில் நிற்பவனுக்குத்தான் ஓரத்தில் நிற்பவளைத் தெரியும் என்பது ஆசிரியரின் நம்பிக்கை. இது அழகான நம்பிக்கை. ஆனால் வாழ்க்கை எப்போதும் இப்படி வரிசைகட்டி வந்து உதவுவதில்லை. ஓரத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் தள்ளி விழுத்துவதும் அதே சாலையில்தான் நடக்கிறது. இதை ஆசிரியரும் உணர்ந்திருக்க வேண்டும். பின்வந்த இரு நாவல்களும் அந்தத் தள்ளுமுள்ளைப் பற்றியவை.

3

'ஸ்ப்ரிக்ஸ்' 2020இல் வந்தது. மறுவருடம் நியூசிலாந்தின் குற்றப்புனைவுக்கான நையோ மார்ஷ் விருதைப் பெற்றது. வாசித்து முடிப்பதற்குக் கடினமான நாவல். ஆண்கள் பாடசாலைகள் இரண்டுக்கிடையில் ஒரு சனிக்கிழமை றக்பி போட்டி நடக்கிறது. பதினைந்து வயதுத் தமிழ்ப் பெண்ணான பிரியா ஓரத்தில் நின்று பார்க்கிறாள். அன்றிரவு விருந்துக்கும் போகிறாள். அங்கே அந்த அணியைச் சேர்ந்த பையன்களின் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். அதன்பின் பாடசாலையும் பெற்றோர்களும் வழக்கறிஞர்களும் கூடிப் பேசத் தொடங்குகிறார்கள்.

பிரியா விருந்துக்கு ஏன் போனாள் என்று கேட்கும் குரல் நம் வீடுகளிலும் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு நாவல் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லவேண்டிய கேள்வியல்ல அது. வகுப்பில் எல்லோரும் போகும் இடத்துக்கு ஒரு பிள்ளை போக விரும்புவதில் குற்றம் எதுவும் இல்லை. அவள் கொடுக்கத் தயாராக இருந்தது ஒரு மாலை நேரத்தைத்தான். மிச்சத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நாவலின் வலிமை வேறோரிடத்தில் இருக்கிறது. பையன்கள் ஒவ்வொருவரும் அந்த அணியில் தமக்கிருக்கும் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றைக் கொடுத்தாகவேண்டும். ஒருவன் தன் கண்ணால் கண்டதைக் கொடுக்கிறான், காணவில்லை என்கிறான். பாடசாலை தன் பெயரைக் காக்க உண்மையைக் கொடுக்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளின் 'எதிர்கால'த்துக்காக நியாயத்தைக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எல்லோரும் கொடுத்தது ஒன்றைத்தான்: பிரியாவை. ஓர் அணி என்பது அணியாக நிற்பதே அணிக்கு வெளியே நிற்கும் ஒருத்தியைக் கொடுத்துவிட்டுத்தான் என்பதை இத்தனை துலக்கமாகச் சொன்ன நாவல்கள் குறைவு. நியூசிலாந்தில் றக்பி என்பது வெறும் விளையாட்டு அல்ல. ஊரில் ஒருவன் இன்ன பாடசாலை, இன்ன 'பட்ச்' என்று சொல்லி வாழ்நாள் முழுக்க இடம்பிடிப்பதைப்போல, இங்கே அந்த அணிச்சட்டை ஓர் அடையாளப் பத்திரம். யாழ்ப்பாணத்துக் கல்லூரிப் பெருமையில் வளர்ந்த நமக்கு இந்தப் பாடசாலையின் மௌனம் அந்நியமாகப் படுவதற்கில்லை.

பிரியாவின் குரல் நாவலின் இறுதிப் பகுதியில்தான் முழுமையாக ஒலிக்கிறது. இது ஓர் உத்தி என்ற அளவில் ஆபத்தானது. அதுவரை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வாசகர் பையன்களோடும் பெரியவர்களோடுமே வாழவேண்டியிருக்கிறது. அவர்களுடைய பகிடிகள் நமக்குப் பழகிவிடுகின்றன. அவர்களிற் சிலரில் நமக்கு அனுதாபமும் வந்துவிடுகிறது. பிரியா பேசத் தொடங்கும்போதுதான் நாமும் அந்த அணிக்குள் போயிருந்தோம் என்பது தெரிகிறது. ஆபத்தான உத்தி இங்கே பலித்திருக்கிறது. பாதிக்கப்பட்டவளின் வேதனையை முதலிலேயே விரித்துவைத்து வாசகரை நல்லவராக உணரச்செய்யும் வழக்கமான பாதையை ஆசிரியர் எடுக்கவில்லை.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க 'தீபன்' திரைப்படம் உதவும். ஷோபாசக்தி நடித்து, ஜாக் ஓடியார் இயக்கி, 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற படம். ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் பிரான்சுக்கு வருகிறார்கள். சிவதாசன் தன் பெயரைக் கொடுத்துத் தீபன் என்ற பெயரை எடுக்கிறான். அந்தப் பெயர் ஒரு பிணத்தினுடையது. நமது புலம்பெயர்வின் உண்மையான அடித்தளத்தை அந்தத் தொடக்கக் காட்சிகள் தொட்டுவிட்டன. நம்மில் எத்தனை பேருடைய இருப்பு வேறொருவருடைய கடதாசியில் நிற்கிறது! ஆனால் படம் அந்தக் கடனைப் பின்தொடரவில்லை. தீபனை மறுபடி ஆயுதம் எடுக்கவைத்து, கடைசியில் இங்கிலாந்தில் ஒரு புல்வெளி வீட்டில் குடியமர்த்திவிடுகிறது. செத்தவனின் பெயர் செத்தவனிடமே போய்விட்டது போல. ஞானலிங்கத்தின் நாவல்கள் அந்தப் புல்வெளிக்குப் பிறகு தொடங்குபவை. குடியேறி முடிந்த பின்னர் என்ன நடக்கிறது, யாருடைய செலவில் நடக்கிறது என்பதே அவற்றின் விடயம்.

4

மூன்றாவது நாவலுக்குப் போகும் முன் நாம் குடியேறிய வீட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இதை எழுதும் நான் இருப்பது ஓக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில். பண்டகசாலைகளும் தொழிற்கூடங்களும் லொறிகளும் நிறைந்த இடம். இங்கே ரறொட்டொங்கா என்று மாவோரி மக்கள் அழைத்த ஓர் எரிமலைக் குன்று இருந்தது. மவுன்ற் ஸ்மாட் என்பது பின்னர் வந்த பெயர். புகையிரதப் பாதைகளுக்கும் தெருக்களுக்கும் கல்லெடுத்துக் கல்லெடுத்து அந்தக் குன்றைத் தரைமட்டமாக்கினார்கள். மிஞ்சிய குழியில் 1967இல் விளையாட்டரங்கம் திறந்தார்கள். 1990ஆம் வருடப் பொதுநலவாய விளையாட்டு விழா அங்கேதான் நடந்தது. குன்று எங்கே என்று கேட்டால் நாம் ஓடும் தெருவுக்கு அடியில் இருக்கிறது என்பதே பதில்.

அந்தத் தெருக்களுள் முதன்மையானது கிரேட் சவுத் றோட். பென்ரோஸ் வழியாகத் தெற்கே போகும் இந்தச் சாலையை 1861-62இல் ஆளுநர் கிரே அமைக்கத் தொடங்கியது வைக்காட்டோவுக்குள் படை நடத்துவதற்காக. 1863 ஜூலையில், படையெடுப்புக்குச் சில நாட்கள் முன்னர், ஓக்லாந்துக்கும் வைக்காட்டோவுக்கும் இடையில் வாழ்ந்த மாவோரிகளுக்கு ஓர் உத்தரவு வந்தது. மகாராணிக்கு விசுவாச உறுதிமொழி எடுங்கள், இல்லாவிட்டால் வெளியேறுங்கள். பலர் வீட்டையும் பயிரையும் விட்டு வெளியேறினார்கள். போருக்குப் பின் வைக்காட்டோவில் பறிமுதலான நிலம் சுமார் 12 இலட்சம் ஏக்கர். 1983 ஓகஸ்டில் இலங்கைப் பாராளுமன்றம் கொண்டுவந்த ஆறாவது திருத்தமும் பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொன்னது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தம் ஆசனங்களை இழந்தார்கள். அந்தச் சத்தியத்தின் கசப்பை அறிந்த நாம், இங்கே குடியுரிமை விழாவில் முடிக்கு விசுவாசம் சொல்லிக் கைதட்டு வாங்கும்போது, அதே சத்தியம் இந்தச் சாலையில் எவரை வெளியேற்றியது என்று கேட்டுப் பார்த்ததுண்டா?

நமக்கு முன் இந்தத் தொழிற்கூடங்களுக்கு வந்தவர்கள் சமோவா, தொங்கா போன்ற பசிபிக் தீவு மக்கள். ஆட்பஞ்சம் இருந்தபோது வரவேற்றார்கள். பொருளாதாரம் சரிந்ததும், 1974 தொடக்கம் 1976 வரை, விசாக்காலம் முடிந்தவர்கள் என்று சொல்லி விடியற்காலையில் வீடு புகுந்து பிடித்தார்கள். 1985-86இல் விசாக்காலம் கடந்து தங்கியிருந்தவர்களுள் பசிபிக் மக்கள் மூன்றிலொரு பங்கு மட்டுமே. வழக்குத் தொடரப்பட்டவர்களிலோ 86 வீதம் அவர்கள். இதற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2021 ஓகஸ்டில். இந்த மக்களும் மாவோரிகளும் நடத்திய போராட்டங்களின் பின்னர்தான் குடிவரவுக் கதவு நமக்கு ஓரளவு திறந்தது. 1991இல் புள்ளி முறை வந்தது. 1995இல் ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்டாத குடும்ப உறுப்பினருக்காக 20,000 டொலர் பிணைப்பணம் கட்டவேண்டும் என்றார்கள், 1998இல் அதை நீக்கினார்கள். ஒட்டிக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு என்பது இங்கே உவமை அல்ல.

இந்த வீட்டுக்குள் ஏறும் படிகளைப் பற்றியதுதான் 2024இல் வெளிவந்த 'த லைவ் அன்ட் ஒப்பினியன்ஸ் ஒவ் கார்த்திக் போபட்'. தன் வரலாற்றைத் தானே பெருமையாக எழுதிக்கொள்ளும் ஓர் அரசியல் ஆசாமியின் குரலில் அமைந்த அங்கத நாவல். குடியேறிய இந்தியக் குடும்பத்துப் பையன் கார்த்திக், பெரிய திறமையோ உழைப்போ இல்லாமல், பாராளுமன்றத்து அலுவலகங்களுக்குள் நுழைந்துவிடுகிறான். கொள்கை எதுவும் கிடையாது. அவன் விற்பதற்கு வைத்திருப்பது ஒன்றே ஒன்று, தன் தோலின் நிறம். வந்தேறிகளைச் சந்தேகத்தோடு பார்க்கும் அரசியலுக்கு ஒரு வந்தேறியின் முகம் தேவைப்படுகிறது. அதை அவன் கொடுக்கிறான். ஆனால் அந்த முகம் அவனுடையது மட்டுமா? அவனைப்போன்ற நிறமுடைய எல்லோருக்குமல்லவா அது பொதுச்சொத்து?

இது மிகைப்படுத்தல் என்று எவரும் சொல்லவேண்டாம். பிரித்தானியாவின் பிரித்தி பட்டேலைப் பாருங்கள். 1960களில் உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்திப் பெற்றோரின் மகள். உள்துறை அமைச்சராக அவர் கொண்டுவந்த புள்ளி முறையின்கீழ் தன் பெற்றோருக்கே இடம் கிடைத்திராது என்பதை 2020இல் ஒரு வானொலிப் பேட்டியில் ஒத்துக்கொண்டார். 2022 ஏப்ரலில் புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தைச் செய்தவரும் அவரே. 2024இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏணியில் ஏறியவர் ஏணியை மேலே இழுத்துக்கொண்டார். கார்த்திக்கின் கதையைக் கற்பனை என்று சொல்வதைவிடச் செய்தியின் இன்னொரு வடிவம் என்று சொல்லலாம்.

அங்கத நாவல் என்ற வகையில் இதற்கொரு வரம்பு உண்டு. கார்த்திக்கைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரிக்கும்போது அவனிலிருந்து நம்மை விலக்கிவைத்துக்கொள்கிறோம். போபட் என்பது குஜராத்திப் பெயர்தானே என்றும் தமிழ் வாசகர் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சீதாவிடமும் பிரியாவிடமும் இருந்த நெருக்கம் இங்கே இல்லை. கார்த்திக்கைவிட ஆபத்தானவர், எவரும் சிரிக்கமுடியாத, நன்கு உழைக்கிற, கோயில் நிர்வாகத்தில் இருக்கிற, பிள்ளைகளை மருத்துவராக்கிய ஒரு கண்ணியவான். அவரை ஞானலிங்கம் இன்னும் எழுதவில்லை. அவரை எழுதவேண்டியவர்கள் தமிழில் எழுதும் நாம்.

5

அந்தக் கண்ணியவானின் வீட்டுக் கணக்கைச் சிறிது பார்ப்போம். அவர் கொடுத்தவற்றுள் முதலாவது பிள்ளையின் மொழி. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கிய சமூகம் நாம். ஓக்லாந்தில் எந்தச் சட்டமும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில், ஆசிரியை ஒருவரின் ஒரு சொல்லுக்காக, 'பிள்ளை குழம்பிவிடும்' என்று சொல்லித் தமிழை நிறுத்திக்கொண்டோம். அந்த மொழி பெற்றோரின் சொத்தாக மட்டும் இருந்தால் கொடுத்துவிட்டுப் போகலாம். பிள்ளைக்கும் அதில் உரித்து இருந்தது. பிள்ளையிடம் எவரும் கேட்கவில்லை.

மாவோரிகளின் கதை இங்கே பாடமாகிறது. பாடசாலையில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறை, தம் பிள்ளைகள் அடிவாங்கக் கூடாது என்று வீட்டில் ஆங்கிலம் பேசிற்று. முதலில் பறிப்பு, பிறகு கொடுப்பு. ஆனால் அவர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். 1972 செப்ரெம்பரில் 30,000க்கு மேற்பட்ட கையொப்பங்களோடு பாராளுமன்றத்துக்குப் போனார்கள். 1982இல் குழந்தைகளுக்கான மொழிக்கூடுகளைத் திறந்தார்கள். 1987இல் மாவோரி அரசகரும மொழியாயிற்று. கொடுத்ததைத் திரும்பப் பெறமுடியும் என்பதற்கு நாம் வாழும் நாடே சாட்சி.

இனி, அவர் கொடுக்காதது. பென்ரோஸின் வேலைத்தலங்களில் 1987ஆம் வருடச் சதிப்புரட்சிகளுக்குப் பின் பிஜியிலிருந்து வந்த இந்தியர் பலரைக் காணலாம். பெயர் அட்டையில் கவுண்டர், நாயக்கர், பிள்ளை, முனுசாமி என்று இருக்கும். வாய் திறந்தால் பிஜி இந்தி. 1903 தொடக்கம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். வடவரே பெரும்பான்மையாக இருந்த தோட்டத்தில் இந்தி பேசாதவன் அந்நியன். ஒட்டிக்கொள்ளத் தமிழைக் கொடுத்தார்கள், தெலுங்கைக் கொடுத்தார்கள். 1926இல் சாது குப்புசாமி தொடங்கிய சங்கம் பள்ளிகள் கட்டியும் மொழி முழுமையாக மீளவில்லை. மாரியம்மனும் தீமிதியும் நின்றன. ஆனால் அவர்கள் இன்னொன்றையும் இழந்தார்கள். கப்பலில் ஒரே பானையில் உண்டு, தோட்ட 'லைனில்' ஒன்றாகக் கிடந்ததில் சாதி என்ற அமைப்பு பெரும்பாலும் உடைந்துபோயிற்று. பெயருக்குப் பின்னால் வெறும் ஓசையாக மட்டும் அது எஞ்சியது.

கப்பலில் உடைந்தது விமானத்தில் உடையாமல் வந்துசேர்ந்தது. நம்முடைய மத்தியதர வர்க்கம் பெயரைச் சுருக்கிற்று. மொழியைக் கொடுத்தது. உணவின் மணம் வெளியே போகாமல் யன்னலைப் பூட்டிற்று. ஆனால் கலியாணப் பேச்சு என்று வந்தால் ஊரும் குறிச்சியும் விசாரித்து, 'அவை ஆர் பகுதி' என்று கேட்பதை மட்டும் விடவில்லை. சீதனத்தை டொலருக்கு மாற்றிற்று. பக்கத்தில் வேலை செய்யும் தொங்கா நாட்டவரைப் பற்றியும் மாவோரியைப் பற்றியும் வெள்ளைக்காரர் சொல்லும் வசைகளை, வெள்ளைக்காரரைவிடச் சரளமாகச் சொல்லப் பழகிற்று. ஒட்டிக்கொள்வதற்கு எதை வேண்டுமானாலும் கொடுத்தோம் என்கிறோம். சரியல்ல. பிள்ளையின் மொழியையும் அயலவரின் மானத்தையும் கொடுத்தோம். நம்முடைய மேலாண்மையைக் கொடுக்கவில்லை.

ஒரு சமூகம் எதைக் கொடுத்தது என்பதைவிட எதைக் கொடுக்க மறுத்தது என்பதில்தான் அது யார் என்பது தெரிகிறது. நமது புலம்பெயர் கதைகளில் பேரப்பிள்ளையோடு பேச மொழியில்லாமல் தவிக்கும் அம்மம்மா அடிக்கடி வருகிறார். அவரைப் பார்த்துக் கண்கலங்குகிறோம், மேற்குலகைக் குறைசொல்கிறோம், கதை முடிகிறது. அந்த வீட்டில் தமிழ் வேண்டாம் என்று தீர்மானித்தவர் யார், எந்த இரவில், எந்தப் பதவி உயர்வுக்காக என்று எழுதியவர் குறைவு. அதே வீட்டு மகள் 'பகுதி' தெரியாத ஒருவனைக் கூட்டிவந்தபோது, அதுவரை ஆங்கிலமே பேசிய அந்த வீட்டில் எந்த மொழியில் வசை வந்தது என்று எழுதியவரும் குறைவு. ஞானலிங்கத்தின் நாவல்கள் தமிழில் வாசிக்கப்பட வேண்டியவை. அவற்றை வாசித்துவிட்டு எழுத உட்காருபவர் அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்கட்டும்.